அம்மனுக்காக உயர்த்திய ஜீப்

1

நான் கப்பலேறிய நாள் வந்தால் என் மனைவி ராஜம் பாயசம் வைப்பாள். அது சந்தோஷப் பாயசமா, வருத்தப் பாயசமா என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால், "பால் மிச்சமிருந்துச்சு, வச்சேன்" என்பாள். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று தகரப் பெட்டி. மற்றது, இரண்டு வருஷத்தில் துறையூருக்கே திரும்பிவிடுவேன் என்ற உறுதி. தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது.

துறையூரில் இருக்கும் நண்பர்கள் நீங்கள் "அங்கே எப்படி ஐயா பொழுது போகிறது?" என்று எழுதிக் கேட்கிறீர்கள். ஹட்டன் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, கருவாடு விற்றுப் பொழுது போகிறது. மழை பெய்து பொழுது போகிறது. மழை விட்டால் பனி வந்து போகிறது. இந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போய் வரிசையில் நின்று மிச்சப் பொழுதும் போகிறது. அங்கே உள்ள அதிகாரி ஒவ்வொரு தடவையும் "எப்போது திரும்பிப் போவதாக உத்தேசம்?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம்" என்பேன். இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சிரித்துவிடுகிறார்.

என் மகள் செல்விக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவள் பிறந்தது இங்கே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள், எங்களோடு தோட்டத்துத் தமிழில் சண்டை போடுகிறாள். "நம்ம ஊர்த் தேர் இருக்கே, அது எவ்வளவு பெரிசு தெரியுமா?" என்று நான் ஆரம்பித்தால், "அனே அப்பா! நம்ம ஊருக்கு ஏதுப்பா தேரு? ஜீப்புதானே!" என்கிறாள். அவளுடைய ஐயோ சிங்கள 'அனே', அவளுடைய 'நம்ம ஊர்' வேறு.

இந்த வருஷம் பாயசம் ஆறிப் போனதற்குக் காரணமும் அந்த ஜீப்புதான்.

2

ஜீப் என்னுடையது. உலக யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டி, கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. வாரத்தில் ஆறு நாள் அரிசி மூட்டை சுமக்கும். வருஷத்தில் ஒரு நாள் அம்மனைச் சுமக்கும்.

நான் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் தோட்டம் ஒன்று ஹட்டனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு தோட்டத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்திருப்பார்கள். பிரிவுக்குக் கணக்கு என்று பெயர். மலையடியில் இருப்பது கீழ்க்கணக்கு, உச்சியில் இருப்பது மேற்கணக்கு. மாரியம்மன் கோயில் கீழ்க்கணக்கில். திருவிழாவன்று என் ஜீப்பின் பின்புறத்தில் மரச் சப்பரத்தைக் கட்டி, மூங்கில் வளைத்து, கலர்க் காகிதம் ஒட்டி, அம்மனை ஏற்றுவார்கள். அதுதான் தேர். ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று நின்று போகும். லயம் என்றால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டடம்.

ஆனால் மேற்கணக்குக்கு மட்டும் தேர் போனதில்லை. அந்த ரோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். பாறையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மீதியை நாளை செய்யலாம் என்று போனவர்கள் திரும்பி வராத மாதிரி இருக்கும். நடுவில் ஓர் ஓடை. ஆகவே மேற்கணக்குக்காரர்கள் தேங்காய்த் தட்டோடு மலையிறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வெகு காலமாக அப்படித்தான்.

பாயசத்தன்று கடைக்கு வந்தவள் வீராயி. மேற்கணக்கில் கொழுந்து பறிப்பவள், அங்கே மாதர் சங்கத் தலைவி. அவள் கடைக்கு வந்தால் தராசுகூட ஒழுங்காக நிற்கும்.

"மொதலாளி, இந்த வருசம் அம்மா எங்க லயத்துக்கு வரணும்" என்றாள்.

"ஜீப் ஏறாதே வீராயி. அடியில் இருக்கிற முட்டி கல்லில் இடிக்கும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ங்க. என்னப் பெத்த அம்மா மேக்கணக்குலயே பொறந்து மேக்கணக்குலயே செத்துச்சு. கடைசி வருசம் எறங்க முடியல. வாசல்ல ஒக்காந்து கீழ மேளச் சத்தத்த மட்டும் கேட்டுச்சு. நானும் அப்பிடிச் சாக மாட்டேன். இந்த வருசம் வரலேன்னா அடுத்த வருசம் நாங்க தனியா கோயில் கட்டி, தனியா திருவிழா செய்யிறோம்."

கடைக்குப் பாயசம் கொண்டுவந்த ராஜம் கிண்ணத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சும்மா சொல்லும் பேச்சில்லை இது. கீழ்க்கணக்குத் தலைவர் ராமையாவின் மகளை வீராயியின் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அந்த மாதிரி இரண்டு கணக்குக்கும் இடையே எத்தனையோ சம்பந்தங்கள். திருவிழா இரண்டானால் எந்தப் பெண் எந்தப் பக்கம் தட்டு எடுப்பாள்? ராமையாவோ, "கட்டிக்கிட்டுப் போகட்டும். சாமி எறங்குற எடத்துக்கு ஆளுதான் வரணும், ஆளு இருக்கிற எடத்துக்கா சாமி போகும்?" என்று சொல்லிவிட்டாராம்.

துறையூரில் எங்கள் தேர் நான்கு வீதியைச் சுற்றும். ஊரே வடம் பிடிக்கும் என்று செல்வியிடம் பெருமையாகச் சொல்வேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பதைச் சொன்னதில்லை. அங்கே ஒருத்தி வந்து, எங்கள் தெருவுக்குத் தேர் வர வேண்டும் என்று கடைவாசலில் நின்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீராயி கேட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆறிப் போயிருந்த பாயசத்தை வீராயியிடமே கொடுத்துவிட்டு, நேராகக் காசிம் நானாவிடம் போனேன்.

3

காசிம் நானா ஹட்டனில் கராஜ் வைத்திருப்பவர். இங்கே முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். வாகனத்தைப் பற்றிப் பேசும்போது சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். கோபமும் அப்படித்தான் வரும்.

"ஸ்பிரிங்கை உயர்த்திவிடலாமா நானா?" என்றேன்.

"ஸ்பிரிங்க ஒசத்தினா பாடிதான் ஒசரும் மொதலாளி. கல்லுல இடிக்கிறது பாடியா? பின் அச்சு நடுவுல உருண்டையா தொங்குதே, அந்த முட்டி. அது அச்சோட இருக்கு. அது ஒசரணும்னா டயர்தான் பெருசாகணும்."

"அப்ப டயரை மாத்துங்க."

"பெரிய டயர் போட்டா மட்காட்ல ஒரசும். அதுக்குப் பாடி ஒசரணும். அதுக்கு ஸ்பிரிங்க ஒசத்தணும்."

"அதைத்தானே நான் முதலில் சொன்னேன்?"

"நீங்க சொன்னது வேற காரணத்துக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானாவிடம் ஜெயிக்க முடியாது.

டயருக்காகக் கினிகத்தேனைக்குப் போனோம். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் ராணுவ லொறியின் டயர்கள் கிடந்தன. உள்வட்ட அளவு ஒன்றுதான், வெளியே மட்டும் கொழுத்தவை. கடைக்காரர் சிங்களவர். நான் என் சிங்களத்தில் பேரம் பேசினேன். அவர் பாதியில் காசிம் நானாவைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்கள் பேசுங்கள், இவர் பேசினால் எனக்குச் சிரிப்பில் விலை மறந்துபோகிறது" என்றார்.

பிறகு நானா வேலையை ஆரம்பித்தார். ஸ்பிரிங் அடுக்கில் கூடுதலாகப் பட்டை வைத்தார். பட்டையை வண்டியோடு பிடித்துக்கொள்ளும் கொக்கிகளை நீளமாக அடித்து வாங்கினார். பிரேக் எண்ணெய் போகும் குழாய் எட்டவில்லை, அதையும் நீட்டினார். வளைவில் முழுசாகத் திருப்பினால் டயர் அப்போதும் ஓரத்தில் உரசியது. மட்காட்டை வெட்டினார். தன் கையை வெட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் வெட்டினார்.

வண்டி கராஜை விட்டு வெளியே வந்தபோது கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டிய எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, மறைப்பானேன். வீட்டு வாசலில் நிறுத்தி ராஜத்தை ஏறச் சொன்னேன். அவள் வண்டியை ஒரு முறை பார்த்தாள், தன் புடவையை ஒரு முறை பார்த்தாள்.

"இதுல ஏறணும்னா ஏணியா கொண்டாருவீங்க? நடு ரோட்டுல நான் சர்க்கஸ் காட்ட மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

நானாவும் நானும் கீழே இருக்கும் கல்லைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம். மேலே ஏற வேண்டியவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. மறுநாள் ஒரு முக்காலியை வண்டியோடு கட்டிக்கொண்டேன். ராஜம் அதற்கும் மசியவில்லை.

4

வண்டியை மாற்றினால் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். அவர் இருந்தது நுவரெலியாவில். நானுஓயா தாண்டி ஏறும்போதே ஒரு விஷயம் புரிந்தது. டயர் பெரிசானதால் இன்ஜினுக்கு இழுவை குறைந்துவிட்டது. இரண்டாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியர் கேட்டது. ஆனாலும் ஏறியது.

பரிசோதகர் சிங்களவர், நல்ல மனுஷர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். எதற்காக இதை உயர்த்தினீர்கள் என்று கேட்டார். சரக்கு ஏற்ற என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதிகாரிகளைப் பார்த்தால் எனக்கு உண்மைதான் முதலில் வாயில் வரும், பொய்க்கு நேரம் போதாது.

"தெய்யோ உட யனவா" என்றேன். தெய்வம் மேலே போகிறது என்று அர்த்தம்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். இந்த ஆளுக்குப் புத்தி சரியில்லையோ என்று நினைத்திருப்பார். நான் கையால் மலை வரைந்து காட்டினேன். சப்பரத்தை வரைந்தேன். அம்மனைக் காட்ட வழி தெரியாமல் வேப்பிலை ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "பத்தினித் தெய்யோவா?" என்றார். அவர்கள் கும்பிடும் பத்தினியும் நம் மாரியும் ஒன்றா என்று வாதாட அது நேரமில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தானே ஏறி ஓட்டிப் பார்த்து, பிரேக்கை மட்டும் இன்னும் இறுக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். வளைவில் மெதுவாகப் போ, உயரமான வண்டி சாயும் என்று இரண்டு தடவை சொன்னார்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செல்வியை ஏற்றிக்கொண்டு மேற்கணக்குக்கு வெள்ளோட்டம் விட்டேன். நானாவும் வந்தார். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் எல்லை வரைக்கும் நல்ல ரோடு. எல்லையில் ரயில் பாலம், அதன் அடியில் புகுந்து போக வேண்டும். அதற்கு மேலேதான் கல்லும் குழியும். ஜீப் கல்மேல் ஏறி இறங்கியது, ஓடையைக் கடந்தது, ஒரு தடவைகூட அடியில் இடிக்கவில்லை. மேலே போய் நின்றபோது லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து டயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வீராயியும் இறங்கி வந்தாள். டயரில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரிங்க மொதலாளி, அப்ப வாசல மொழுகிர்றோம்" என்று மட்டும் சொன்னாள்.

5

திருவிழாவன்று தேர் கீழ்க்கணக்கை முடித்துக்கொண்டு எல்லைக்கு வந்தது. ஏறுகிற வண்டியைத் தடுத்தால் சம்பந்தம் கெடும் என்று ராமையா அரைமனதாக விட்டுவிட்டிருந்தார். இங்கே ஒரு வழக்கம். எல்லைவரை அந்தக் கணக்கு ஆண்கள் தேரோடு வருவார்கள், அதற்கப்பால் அடுத்த கணக்கு ஆட்கள் பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். ஆகவே பாலத்துக்கு முன்னால் ராமையா தலைவர் தன் ஆட்களோடு வலது பக்கம் நின்றார். மேற்கணக்கு ஆட்கள் மேளத்தோடு இறங்கி வந்து இடது பக்கம் நின்றார்கள். அவர்களோடு வீராயியும் தட்டோடு வந்திருந்தாள். நான் வண்டியைப் பாலத்துக்குள் விட்டேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று சத்தம்.

சப்பரத்தின் உச்சியில் இருந்த கலசம் பாலத்தின் இரும்பில் முட்டப் பார்த்தது. நாலு விரல் உயரம் அதிகம். நானாவும் நானும் எவ்வளவு உயர்த்தினோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

இதில் யாரைக் குறை சொல்வது? சப்பரம் செய்தவர்கள் அதை அந்தப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோனதே இல்லை. காசிம் நானா வண்டியைப் பார்த்தார், சப்பரம் அவர் சமாசாரம் இல்லை. வெள்ளோட்டத்தில் நான் மூன்று மைல் தூரமும் கல்லையே பார்த்துக்கொண்டு போனேன். மொத்தத் தோட்டமும் ஒரு மாதமாகத் தரையைப் பார்த்து யோசித்தது. அண்ணாந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"கலசத்தை எடுத்துவிடலாமா?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"காப்புக் கட்டியாச்சுங்க. திருவிழா முடியிறவரைக்கும் கலசத்துல கை வைக்கக் கூடாது."

"அம்மனை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனால்?"

"ஏத்துன அம்மாவப் பாதி வழியில எறக்குனா, இங்கயே இருக்கேன்னு உத்தரவு குடுத்த மாதிரி ஆயிரும். அப்பறம் பாலத்துக்கடியிலதான் கோயில் கட்டணும், பரவால்லையா?"

ராமையா தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேன். அம்மாவுக்கு இஷ்டமில்ல. திருப்புங்க வண்டிய" என்றார். மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் வீராயியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். அதில் கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த வண்டியை மலையிலிருந்து உருட்டிவிட்டு நானும் கூடவே போகலாம் என்று இருந்தது.

காசிம் நானா தன் டயர்களுக்குத் துணையாகக் கூட்டத்தின் பின்னால் நடந்து வந்திருந்தார். டயரில் காற்றை இறக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "காத்த எறக்கினா அங்கிட்டு மொதக் கல்லுலயே டியூப் கிழிஞ்சுரும். மிதிச்சு அடிக்கிற பம்பு கராஜ்ல கெடக்கு" என்றார். பிறகு குனிந்து தன் ஸ்பிரிங்கைப் பார்த்தார். அதில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சும்மா வெறும் வண்டியா நிக்கிது, அதான் ஒசரமா இருக்கு. பாரம் ஏத்துங்க. ஆள் ஏறுங்க!"

மேற்கணக்கு ஆட்கள் நிமிஷத்தில் தொற்றிக்கொண்டார்கள். அவர்கள் நின்ற இடது பக்கம் முழுக்க ஆள். பின்புறம் இறங்கியது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. அம்மன் சப்பரத்தோடு இடப்பக்கம் சரிந்தாள். எல்லாரும் ஐயோ என்று கத்தினார்கள்.

"அங்கிட்டும் ஆள் வேணும்! சோத்தாங்கைப் பக்கம் ஏறுங்க!" என்று நானா கத்தினார்.

சோத்தாங்கைப் பக்கம் நின்றவர்கள் கீழ்க்கணக்குக்காரர்கள். அவர்கள் ராமையாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராமையா கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்தார். எல்லையில் திரும்பிவிடுவதுதான் வழக்கம், அதை மீறச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் கடைக்காரன், அதுவும் அடுத்த வருஷம் போகப்போகிறவன்.

வீராயி தட்டை மருமகளிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சம்பந்தி ஏறலேன்னா பரவால்லைங்க. அந்தப் பக்கம் நான் ஏறுறேன். சம்பந்தி அப்பறமா மனசு மாறி ஏறுனா, என்னய ஒட்டிக்கிட்டுதான் நிக்கணும். எனக்கு வெக்கமில்ல. அவுக பாத்துக்கட்டும்."

தோட்டத்தில் சம்பந்திகள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். சம்பந்தியம்மாளைத் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஊர் பார்க்க, ஜீப்பில் தொங்குவதா? ராமையா தலைவருக்கு முகம் சிவந்து போயிற்று. வீராயி முக்காலியில் காலை வைத்தாள். அவ்வளவுதான், "ஏய், தள்ளுங்கடா! நீங்க அங்கிட்டு நில்லுங்க சம்பந்தி, ஐயோ, நில்லுங்க!" என்று அலறிக்கொண்டு தலைவர் பாய்ந்து ஏறினார். தலைவர் ஏறினால் சும்மா இருப்பார்களா? கீழ்க்கணக்கே ஏறியது. என் பக்கத்து இருக்கையில் மூன்று பேர் மடியில் மடியாக உட்கார்ந்தார்கள். காசிம் நானா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார், தன் ஸ்பிரிங்கின் முனகலைக் கேட்க முடியாமல்.

வண்டி நேராக இறங்கியது. கலசத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல்கடை இருந்தது. நான் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். அம்மன் பாலத்தைத் தாண்டினாள்.

6

அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் இறங்கினார்கள், ராமையா தலைவரைத் தவிர. அவர் சப்பரத்துக் காலைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றிருந்தார். யாரும் அவரை எழுப்பப் போகவில்லை. முதல் கல்லில் வண்டி ஏறி இறங்கியபோதுதான் விழித்துப் பார்த்தார். அப்புறமும் இறங்கவில்லை. "பிடிக்க ஆள் வேணும்ல" என்றார் பொதுவாக.

கல்லுக்குக் கல் நானா முன்னால் பின்னோக்கி நடந்து கையைக் காட்டினார். ஓடையில் டயர் பாதி முங்கியது. கரையில் இருந்த பிள்ளைகளோடு செல்வியும் ஓடினாள். "எங்க ஜீப்பு, எங்க ஜீப்பு" என்று இரண்டு பாஷையில் கத்திக்கொண்டு ஓடினாள். ராஜம் கடைசிவரை ஏறவில்லை. அவ்வளவு தூரமும் வண்டியின் பின்னாலேயே பெண்களோடு நடந்து வந்தாள். அடுத்த வருஷம் துறையூர்த் திருவிழாவுக்குப் போகலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். மேட்டில் வண்டி தயங்கியபோது என் பக்கமாக வந்து, நடந்துகொண்டே, "அதுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். நானும் சரி என்றேன்.

மேற்கணக்கு லயம் ரோட்டைவிட மேட்டில் இருக்கிறது. வாசலை மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். வீராயி குறுக்கு வழியில் எங்களுக்கு முன்பே ஓடிப்போய்த் தன் வாசலில் நின்றுகொண்டாள். பழைய ஜீப்பாக இருந்தால் அம்மனின் முகம் அவளுக்குச் சற்றுக் கீழே நின்றிருக்கும். இந்த உயரத்தில் இரண்டு பேருடைய முகமும் நேருக்கு நேராக நின்றன.

எல்லாரும் வீராயி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். ஒரு மாதமாக ஓயாமல் பேசியவள். கற்பூரம் தட்டில் எரிந்தது. அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு மழையிலும் வெயிலிலும் தினம் அந்தக் கல்லில் ஏறி இறங்குகிறவள், அம்மனின் முகத்தைப் பார்த்து, தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்த மகளைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

"வந்துட்டியா தாயி? ரோடு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"